கை வெளியே இருக்கட்டும்: குளிர்காலத்தில் கனடா போகும் நம் ஊர்க்காரர்களுக்கு

பிள்ளைகள் கனடாவில் இருக்கும் வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய. அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல், ஆவடி, பூந்தமல்லி என்று எந்தக் கோயில் வாசலில் நின்று பேசினாலும் "பையன் பிராம்ப்டன்ல இருக்கான்", "பொண்ணு மார்க்கம்ல இருக்கா" என்று ஒருவராவது சொல்வார். பெரும்பாலும் மே மாதம் போய், குளிர் தொடங்குமுன் திரும்பிவிடுவோம். ஆனால் பேரப்பிள்ளை பிறக்கிற நேரம் நம் கையில் இல்லை. தை மாதம் பிரசவம் என்றால் தை மாதத்தில்தான் போயாக வேண்டும். அங்கே அந்த மாதத்தில் ஒரு ராத்திரி பனி கொட்டினால் போதும், காலையில் வாசல் கதவைத் திறக்கவே தள்ள வேண்டியிருக்கும். அதை அள்ளி எறிய கராஜில் ஒரு மெஷின் வைத்திருப்பார்கள். ஸ்னோ புளோயர் என்று பெயர். மாப்பிள்ளை டியூட்டிக்குப் போயிருப்பார், மகள் பச்சை உடம்புக்காரி. "இது என்ன பெரிய வேலை, நான் பார்த்துக்கறேன்" என்று நம்மில் ஒருவர் அந்த மெஷினைக் கிளப்பிவிடுவார். அவருக்காகவும், அவர் பேச்சைக் கேட்காத அவர் மாப்பிள்ளைக்காகவும்தான் இந்தப் பதிவு.

பனியைப் பற்றிச் சொல்ல அம்பத்தூர்க்காரனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பனியைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் செட்டராகச் சேர்ந்து, சூப்பர்வைசராக வெளியே வந்தவன் நான். மெஷின் எந்த நேரத்தில் கையைக் கேட்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். டொராண்டோ பக்கத்தில் இருக்கும் என் மகள் வீட்டில் அந்த ஸ்னோ புளோயரை முதலில் சுற்றிவந்து பார்த்தபோது எனக்கு அது புது மெஷினாகவே படவில்லை.

பவர் பிரஸ் பக்கத்தில் நின்றவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். பழைய மாடல் பிரஸ்ஸில் பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு ஒரு ஃப்ளைவீல் இருக்கும். மோட்டார் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். காலடியில் பெடல். பெடலை மிதித்தால் கிளட்ச் பிடித்து, ராம் என்கிற மேல்பாகம் ஒருமுறை கீழே வந்து தகட்டை வெட்டிவிட்டு மேலே போகும். ஆபரேட்டர் ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான முறை மிதிப்பார். அப்படி ஓட்டம் பிடித்து வேலை போய்க்கொண்டிருக்கும்போது விபத்து அதிகம் நடப்பதில்லை. கையும் காலும் ஒரு தாளத்துக்கு வந்திருக்கும். டைக்குள், அதாவது வெட்டும் அச்சுக்குள், ஜாப் மாட்டிக்கொள்ளும் பாருங்கள், அல்லது ஒரு சின்ன ஸ்கிராப் துண்டு ஒட்டிக்கொள்ளும், அப்போதுதான் நடக்கும். தாளம் உடைந்துவிட்டது, பீஸ் கணக்கு பின்தங்குகிறது, எரிச்சல் வருகிறது. ஆபரேட்டர் மோட்டாரை ஆஃப் செய்வார். "ஆஃப் பண்ணியாச்சு" என்று கையை உள்ளே விடுவார். ஆனால் ஃப்ளைவீல் நின்றிருக்காது. மின்சாரம் போன பிறகும் அது தன் கனத்தில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கால் தெரியாமல் பெடலில் பட்டால் முழு பலத்தோடு ஒரு ஸ்ட்ரோக் இறங்கும்.

பட்டரவாக்கம் பக்கம் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் அப்படித்தான் ஒரு ஹெல்பர் பையனுக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. டாங்ஸ், அதாவது இடுக்கி, அவன் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மோட்டார் ஆஃப் ஆகியிருந்தது என்பதை ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னது உண்மை. ஸ்விட்சை அவன் அணைத்திருந்தான். சக்கரம் நிற்கக் காத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை மனப்பாடம் ஆனது. சட்டத்தில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சதவீதம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் இழப்பு 14 சதவீதம். நடுவிரலுக்கு 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ என்றால் 7. ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20. கட்டைவிரல் ஒன்று மட்டும் போனாலே 30. ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50. அந்த எண்களைப் படித்த நாளில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பித்தான் போட முடியாத கைக்கு, பேப்பரில் பேனா பிடிக்க முடியாத கைக்கு என்ன சதவீதம் போடுவார்கள்?

இப்போது ஸ்னோ புளோயருக்கு வருகிறேன். அதில் நடக்கும் விபத்தும் இதே மாதிரிதான். ஓடும்போது அதனிடம் யாரும் கை கொடுப்பதில்லை. அடைத்துக்கொண்டு நின்ற பிறகுதான் கொடுக்கிறார்கள்.

மெஷினின் அமைப்பு இதுதான். முன்பக்கம் அகலமான ஒரு இரும்பு வாய். அதற்குள் குறுக்கே ஒரு தண்டில் திருகு மாதிரி வளைந்த பட்டைகள். அதை ஆகர் என்கிறார்கள். அது பனியை இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்கு இழுத்துக்கொண்டு வரும். சின்ன மெஷின் என்றால் அவ்வளவுதான், ஆகரே பனியைத் தூக்கி எறிந்துவிடும். அரையடிக்கு உட்பட்ட பனிக்கு அது போதும். பெரிய மெஷினில் ஆகருக்குப் பின்னால் ஒளிந்தாற்போல் இன்னொரு விசிறி இருக்கிறது. பெயர் இம்பெல்லர். ஆகர் நிதானமாகத்தான் சுற்றும், பட்டைகள் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். இம்பெல்லர் அப்படியில்லை, நிமிஷத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் சுற்று. நடுவுக்கு வந்த பனியை அதுதான் அடித்து, மேலே புகைபோக்கி மாதிரி நிற்கும் ஷூட் வழியாகப் பல அடி தூரம் வீசும். ஷூட்டின் வாயிலிருந்து பார்த்தால் இம்பெல்லர் சரியாகத் தெரியாது. ஆனால் மேலிருந்து கையை விட்டால் விரல் நுனி நேராக அதில்தான் போய் முட்டும். விரல் போனவர்களில் பலருக்குப் போனது இந்த வழியாகத்தான்.

இந்த மெஷினின் பூர்வீகம் தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம் குறைந்துவிட்டது. கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார் என்பவர் 1925இல் இதை உருவாக்கினார். வயலில் கதிரடிக்கும் மெஷினைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். கதிரடிக்கும் மெஷினின் கதை நம் நாட்டுக்காரர்களுக்குத் தெரியாததா? பவர் திரஷரில் கதிரைத் திணிக்கும்போது கை போனவர்கள் வடக்கே எத்தனையோ பேர். அதற்காகவே 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒரு தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. இழுத்து உள்ளே தள்ளி அடிக்கும் மெஷின் எதுவானாலும் புத்தி ஒன்றுதான். உள்ளே வருவது கதிரா, பனியா, மணிக்கட்டா என்று அது பார்ப்பதில்லை.

நம் நாட்டிலும் பனி அள்ளும் மெஷின் ஓடுகிறது. எல்லைச் சாலைகள் அமைப்பு 1960இல் ஆரம்பித்தது. சோஜி லா, ரோஹ்தாங் மாதிரியான கணவாய்களில் பனியை வெட்டி வழி திறப்பது அவர்கள் வேலை. அங்கே அதை ஸ்னோ கட்டர் என்பார்கள். லாரி அளவு இருக்கும், ஓட்டுபவர் கேபினுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் பழகிய குழு நிற்கும். வீட்டு மெஷினில் கேபின் கிடையாது, குழு கிடையாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிற நாம் ஒருவர்தான் எல்லாமே. அதனால்தான் வீட்டு மெஷினைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறேன்.

எந்த மாதிரி நாளில் விபத்து நடக்கிறது என்பதைப் பற்றி அமெரிக்காவின் கை அறுவை சிகிச்சை மருத்துவர்கள் சங்கம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆறு அங்குலத்துக்கு மேல் பனி. ஈரம் கோத்த கனமான பனி. குளிரும் அதிகமில்லை, பூஜ்யத்துக்கு இரண்டு டிகிரி கீழே அல்லது அதற்கு மேலே. இந்த மூன்றும் சேர்ந்த நாளில்தான் ஷூட் அடைக்கிறது, கை உள்ளே போகிறது. இது நாம் நினைப்பதற்கு நேர் எதிர். மைனஸ் பதினைந்து என்றால் நமக்குப் பயம் வரும். ஆனால் அந்தக் குளிரில் பனி பொலபொலவென்று உதிரியாக இருக்கும், ஷூட் வழியாகப் பறந்துவிடும். "இன்னிக்கு வெயில் அடிக்குது, அவ்வளவா குளிரல" என்று நாம் தைரியமாக வெளியே இறங்கும் நாளில்தான் பனி பிசுபிசுவென்று ஷூட்டில் அப்பிக்கொள்ளும்.

அப்படி ஒரு நாளில் நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளை மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார், நான் கராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவ்வேயின் கடைசியில், நகராட்சி வண்டி ரோட்டை வழித்துக்கொண்டு போகும்போது ஒதுக்கிவிட்டுப் போன குவியல் இருக்கும். உப்பும் சேறும் ஐஸ் கட்டியும் கலந்த அழுக்குப் பனி. அதில் நுழைந்ததும் ஷூட்டிலிருந்து வந்த வீச்சு மெலிந்து, ஒரு இருமல் மாதிரி கொஞ்சம் துப்பி, நின்றுவிட்டது. மாப்பிள்ளை கைப்பிடி லீவரை விட்டார். எஞ்சினையும் அணைத்தார். ஒழுங்காகத்தான் செய்தார். பிறகு முன்பக்கம் வந்து குனிந்து, கையுறை போட்ட கையை ஷூட்டுக்குள் நீட்டினார்.

"மாப்பிள்ளை, கை!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்துவிட்டது.

"ஆஃப் பண்ணிட்டேன் மாமா" என்றார்.

அதே வார்த்தை. பட்டரவாக்கம் பக்கம் கேட்ட அதே வார்த்தையை டொராண்டோ பக்கத்தில் கேட்கிறேன்.

"ஆஃப்ல இருக்கட்டும். நீங்க எழுந்து தள்ளி நில்லுங்க, நான் ஒண்ணு காட்டறேன்" என்றேன். மெஷின் வாயின் மேல்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குச்சியைக் கிளிப்பில் மாட்டிக் கொடுத்திருப்பார்கள். ஒரு முனை கரண்டி மாதிரி தட்டையாக இருக்கும். வாங்கின நாளிலிருந்து அது அந்த இடத்தைவிட்டு அசைந்ததில்லை போல, பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. அதை ஷூட்டுக்குள் விட்டுக் குத்தினேன். இரண்டாவது மூன்றாவது குத்தில் உள்ளே இருந்த பனிக்கட்டி உடைந்தது. உடைந்த அதே நொடியில் உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். இம்பெல்லர் கால் சுற்று சுற்றி நின்றது. குச்சியின் நுனியில் ஒரு வெட்டு விழுந்திருந்தது. எஞ்சின் அணைந்திருக்கிறது, சாவி மாப்பிள்ளையின் பாக்கெட்டில் இருக்கிறது. அவர் அந்தக் குச்சியை வாங்கி வெட்டு விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார்.

ஏன் அப்படி? மெஷின் அடைக்கும்போது எஞ்சின் உடனே தோற்றுவிடுவதில்லை. பெல்ட் இழுக்கிறது, இம்பெல்லர் திரும்பப் பார்க்கிறது, பனிக்கட்டி விடமாட்டேன் என்கிறது. அந்த இழுபறியின் நடுவில்தான் நாம் எஞ்சினை நிறுத்துகிறோம். இழுத்த இழுப்பு பெல்ட்டிலும் தண்டிலும் அப்படியே தங்கிவிடலாம். ஊஞ்சல் கயிற்றை முறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் அது அசையாமல்தானே இருக்கும், பிடியை விட்டதும் சுழலும், அதுபோல. பனிக்கட்டிதான் பிடித்துக்கொண்டிருக்கும் கை. அதை நம் விரலால் உடைத்தால், விடுபட்ட இம்பெல்லர் முதலில் வந்து படுவது அந்த விரலில்தான். கால் சுற்று போதும்.

ஆகவே அடைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது சின்ன வரிசை. லீவர்களை விடுங்கள். எஞ்சினை அணையுங்கள். சாவியைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போடுங்கள். உள்ளே சுற்றுவது எல்லாம் நிற்கும்வரை, சத்தம் முழுக்க அடங்கும்வரை நில்லுங்கள். பிறகு குச்சி. குச்சி மட்டும். குச்சி உடைந்துபோயிருந்தால் துடைப்பக் கட்டை, மண்வெட்டிக் காம்பு, எதுவானாலும் சரி. எஞ்சின் அணைந்திருந்தாலும் கை கிடையாது, கையுறை போட்ட கையும் கிடையாது, காலால் உதைப்பதும் கிடையாது. எங்கள் ஷாப்பில் டைக்குள் டாங்ஸ் போகலாம், காந்தக் குச்சி போகலாம், விரல் போகக்கூடாது என்று வைத்திருந்தோமே, அதே சட்டம்தான்.

கைப்பிடியில் இருக்கும் லீவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் ஆகர் சுற்றும், விட்டால் நிற்க வேண்டும். வழுக்கி விழுந்தாலும் மெஷின் தானாக அடங்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் ராம் இறங்கும் என்று பிற்பாடு வந்ததே, அதன் நோக்கமும் இதுதான்: கை எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரிய வேண்டும். எங்கள் ஆட்கள் பீஸ் கணக்குக்காக ஒரு பட்டனில் மரச்சக்கை செருகிவிட்டு ஒரு கையால் ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஸ்னோ புளோயரிலும் குளிரில் விரல் மரத்துப்போகிறது என்று லீவரைக் கயிற்றாலோ டேப்பாலோ கட்டிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். கை மரத்தால் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள். பனி எங்கேயும் ஓடிப்போகாது.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை ஷியர் பின் விஷயத்தில். ஆகரைத் தண்டோடு பிணைப்பது ஒரு சின்ன பின். வேண்டுமென்றே மென்மையான இரும்பில் செய்திருப்பார்கள். பெரிய ஐஸ் கட்டியோ கல்லோ மாட்டினால் பின் வெட்டுப்பட்டு, கியர் பாக்ஸ் தப்பித்துக்கொள்ளும். பின் போய்விட்டால் ஆகர் ஒரு பக்கம் சுற்றாது. அப்போது நம் கை சும்மா இருக்காது. "இதுக்குப் போய் புதுசு வாங்கணுமா" என்று டப்பாவில் கிடக்கும் ஒரு ஹை டென்சைல் போல்ட்டை எடுத்து முடுக்கிவிடுவோம். எஸ்டேட்டில் பழகிய புத்தி அது, எதையும் எதைக் கொண்டாவது ஓட வைத்துவிடுவோம். அந்தத் திறமையில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் இந்த இடத்தில் உடைவதுதான் அந்தப் பின்னுக்கு வேலை. 8.8 கிரேடு போல்ட் போட்டால் அது உடையாது, அடுத்த கல்லுக்குக் கியர் பாக்ஸ் உடையும். மெஷினுக்கு உரிய பின்களைக் குளிர்காலம் தொடங்குமுன்னே நாலைந்து வாங்கி, கராஜில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துவிடச் சொல்லுங்கள். மாற்றும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், சாவி பாக்கெட்டில் இருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது.

உடை. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 22வது பிரிவு, ஓடும் மெஷினைச் சோதிக்கவோ எண்ணெய் போடவோ போகிற ஆளுக்கு உடம்போடு ஒட்டிய உடை வேண்டும் என்றது. அதை எழுதியவர்கள் ஸ்னோ புளோயரைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் எனக்கு அந்தப் பிரிவுதான் ஞாபகம் வந்தது. குளிருக்குப் பயந்து நாம் போகிற கோலம் அப்படி. கழுத்தைச் சுற்றி மஃப்ளர், அதன் நுனி இரண்டும் மார்பில் தொங்கும். அம்மாக்கள் புடவைக்கு மேல் சால்வை, அதற்கு மேல் மருமகளின் கோட். பைக் சக்கரத்தில் துப்பட்டா சிக்கி நம் சாலைகளில் நடக்கும் விபத்து தெரிந்தவர்கள் இதை லேசாக எடுக்கக்கூடாது. மஃப்ளரை உள்ளே செருகி ஜிப் போடுங்கள், அல்லது கழுத்துவரை மூடும் கம்பளிக் குல்லா போடுங்கள். கோட்டின் இடுப்புக் கயிறு, கையுறையின் தொங்கும் பட்டை எதுவும் வெளியே ஆடக்கூடாது. புடவையோடும் வேட்டியோடும் மெஷின் பக்கமே போக வேண்டாம். காலுக்கு ஆழமான பள்ளம் வெட்டிய பூட்ஸ். காதுக்கு அடைப்பான்.

பனி கொட்டும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதை நம் வயசுக்காரர்கள் நன்றாகச் செய்வோம். சாயங்காலம் வாசலைச் சுற்றி ஒரு நடை. மிதியடி, பிளாஸ்டிக் கவரில் போட்ட விளம்பரப் பேப்பர், பேரனின் பந்து, அலங்கார விளக்கின் வயர், தோட்டத்துக் கல், எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வையுங்கள். ராத்திரி பனி மூடிவிட்டால் எது எங்கே கிடக்கிறதென்று தெரியாது. மிதியடியை ஆகர் இழுத்துச் சுற்றிக்கொண்டால் பாதி நாள் போய்விடும். கல்லாக இருந்தால் ஷூட் வழியாகக் கண்ணாடி ஜன்னலுக்கோ ஒருவரின் முகத்துக்கோ போகும். ஷூட்டை எந்த நேரமும் ஆள், கார், ஜன்னல் இல்லாத பக்கம் திருப்பியே வையுங்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்து. குழந்தைகள் வீட்டுக்குள். பனியில் விளையாட வேண்டுமானால் மெஷின் கராஜுக்குள் போன பிறகு. ரோட்டில் பனியை வீசுவதற்கும் அங்கே பல ஊர்களில் தடை இருக்கிறது.

பெட்ரோல் விஷயம் நமக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் குளிர் வந்தால் மறந்துவிடுகிறோம். ஓடிக்கொண்டிருக்கும்போதோ எஞ்சின் சூடாக இருக்கும்போதோ டேங்கில் ஊற்றாதீர்கள். ஊற்றுவது வெளியே. கராஜுக்குள் வைத்து எஞ்சினைச் சூடேற்றாதீர்கள், ஷட்டர் திறந்திருந்தாலும்கூட. அந்த ஊர் வீடுகளில் கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு கதவுதான், அந்தப் பக்கம் பிரசவித்த பெண்ணும் குழந்தையும் படுத்திருப்பார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் வராண்டாவில் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தித் தூங்குகிற வழக்கம் நம் பக்கத்திலும் இருக்கிறது. அதற்கும் இதையே சொல்கிறேன்.

இப்போது பேட்டரி மெஷின்கள் வந்துவிட்டன. புகை இல்லை, கயிறு இழுக்கத் தேவையில்லை. நான் அதை வரவேற்கிறேன், ஒன்றைத் தவிர. லீவரை விட்டதும் ஒரு சத்தமும் இருக்காது. பெட்ரோல் எஞ்சின் ஓடுகிறது என்றால் காதுக்குத் தெரியும். இதில் மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று காது சொல்லாது. அடைத்தால் பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுத்தான் குச்சியைத் தொட வேண்டும்.

எல்லாம் மீறி ஒருவருக்கு விரல் வெட்டுப்பட்டால் என்ன செய்வது என்பதை எழுதாமல் விட மனம் வரவில்லை. வடசென்னை, அம்பத்தூர் தொழிலாளிகளின் கைகளுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி எவ்வளவு செய்திருக்கிறது என்பது எங்கள் தலைமுறைக்குத் தெரியும். டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கைக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். நசுங்கின கைகளோடு போனவர்கள் மறுபடி வேலை பார்க்கும் கைகளோடு திரும்பியிருக்கிறார்கள். அந்த மாதிரி டாக்டர்களிடம் விரல் நல்ல நிலையில் போய்ச் சேர வேண்டும். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்துங்கள். 911க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். வெட்டுப்பட்ட விரலை ஈரமாக்கிப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். சுற்றிலும் பனி கிடக்கிறதே என்று விரலை நேராகப் பனியில் புதைக்காதீர்கள். பதற்றத்தில் யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். பனி நேராகப் பட்டால் சதை உறைந்து கெட்டுவிடும், பிறகு ஒட்டவைப்பது கஷ்டம். கை மெஷினுக்குள்ளேயே மாட்டியிருந்தால் இழுக்காதீர்கள், பின்னோக்கிச் சுற்றவும் பார்க்காதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உதவி வரும்வரை நில்லுங்கள்.

இன்னொன்று, நம் வயசுக்காரர்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் ஆனவர்கள், படியேறினால் மூச்சு வாங்குபவர்கள் இந்த வேலைக்கு இறங்க வேண்டாம். கடும் குளிரில் ரத்தக்குழாய் சுருங்குகிறது, அதோடு இந்தக் கனமான மெஷினைத் தள்ளித் திருப்ப வேண்டும். மண்வெட்டியால் பனி அள்ளுவது இதைவிட மோசம். சீசனுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு வந்து வழித்துவிட்டுப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காசு செலவாகிறதே என்று மகளுக்காக வருத்தப்பட்டு நீங்கள் இறங்கினால், அவளுக்கு ஆகும் செலவு வேறு மாதிரி இருக்கும். 1999 ஜனவரியில் பனி கொட்டியபோது டொராண்டோ மேயர் ராணுவத்தையே கூப்பிட்டார். அந்த ஊருக்கே சில வருஷங்களில் கை போதவில்லை என்றால் நாம் கூச்சப்பட என்ன இருக்கிறது?

கடைசியாக, வேலை முடிந்ததும் மெஷினை உடனே அணைத்து உள்ளே தள்ளிவிடாதீர்கள். வெளியே பத்திரமான பக்கம் ஷூட்டைத் திருப்பி இரண்டு மூன்று நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள், உள்ளே ஒட்டிய பனி எல்லாம் பறந்துவிடும். இல்லாவிட்டால் ராத்திரி அது இம்பெல்லரோடு சேர்ந்து உறைந்துவிடும், மறுநாள் காலையில் ஆபீசுக்கு நேரமாகிற அவசரத்தில் யாராவது ஒருவர் குனிந்து கையை நீட்டுவார். மகள் வீட்டில் இப்போது இரண்டு குச்சிகள் இருக்கின்றன. வெட்டு விழுந்தது மெஷினிலேயே மாட்டியிருக்கிறது. புதிதாக வாங்கியதைக் கராஜ் சுவரில், சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்திலேயே, மாப்பிள்ளை மாட்டி வைத்திருக்கிறார். டிசம்பர், ஜனவரிக்கு டிக்கெட் போட்டிருப்பவர்கள் பிள்ளைகளிடம் அந்தக் குச்சி எங்கே இருக்கிறதென்று இன்றைக்கே போனில் கேளுங்கள். மெஷின் என்ன மாடல் என்றும் கேட்டு எனக்கு எழுதினால், அதன் லீவரும் பின்னும் எப்படி என்று பார்த்துச் சொல்கிறேன்.